மாமியாரின் கீழுதட்டில் இரண்டு குழிகள்

கேள்வி:

எனக்கு வயது 29. முதல் குழந்தை பையன், இரண்டரை வயது. பிறக்கும்போதே இடது பக்கம் உதட்டுப் பிளவும், வாயின் மேற்கூரையான அண்ணத்தில் பிளவும் இருந்தன. நான்காம் மாதத்தில் உதட்டுக்கும் பதினோராம் மாதத்தில் அண்ணத்துக்கும் அறுவை சிகிச்சை ஆயிற்று. இப்போது நன்றாகச் சாப்பிடுகிறான், பேசவும் தொடங்கிவிட்டான். அடுத்த குழந்தை பற்றி யோசிக்கிறோம். ஒரு மருத்துவர், "நூற்றில் நாலு பேருக்குத்தான் திரும்ப வரும், பயப்படாதீர்கள்" என்றார். இன்னொருவர், "குடும்பத்தில் இருந்தால் பாதிக்குப் பாதி" என்றார். பையனுக்கு எடுத்த குரோமோசோம் பரிசோதனை நார்மல். நானும் கணவரும் சொந்தம் இல்லை. இருவருக்கும் பிளவு கிடையாது. நாத்தனார் மட்டும் சிறு வயதிலிருந்தே மூக்கால் பேசுவார், அதற்கு சிகிச்சை எதுவும் எடுத்ததில்லை. மாமியாருக்குக் கீழுதட்டில் பிறவியிலேயே இரண்டு சின்னக் குழிகள் உண்டு. சாப்பிடும்போது அதில் ஈரம் கசியும் என்பார். இதெல்லாம் சம்பந்தப்பட்டதா தெரியவில்லை. கர்ப்பத்தின் நான்காம் மாதக் கடைசியில் காய்ச்சல் வந்து ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். அதனால்தான் பிள்ளைக்கு இப்படி ஆனது என்று வீட்டில் பேச்சு வருகிறது. ஃபோலிக் அமிலத்தை அதிக அளவில் சாப்பிட்டால் தடுத்துவிட முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்தக் காய்ச்சல் பேச்சை முடித்துவிடுவோம். கருத்தரித்த நான்காம் வாரம் முதல் ஏழாம் வாரத்துக்குள் மேலுதடு இணைந்து முடிகிறது. அண்ணம் ஆறாம் வாரத்தில் உருவாகத் தொடங்கி, பன்னிரண்டாம் வாரத்துக்குள் மூடிவிடுகிறது. நீங்கள் கணக்கு வைப்பது கடைசி மாதவிலக்கு நாளிலிருந்து. அதில் இரண்டு வாரம் கூடுதலாக இருக்கும். அப்படிப் பார்த்தாலும் உதட்டின் கதை ஒன்பதாம் வாரத்தோடும் அண்ணத்தின் கதை பதினான்காம் வாரத்தோடும் முடிந்தது. நான்காம் மாதக் கடைசி என்றால் பதினாறாம் வாரம். அப்போது சாப்பிட்ட எந்த மாத்திரையும், ஏற்கெனவே மூடிய உதட்டைப் பிளக்க முடியாது. உங்கள் மேல் சுமத்தப்பட்ட பழிக்கு இதில் துளியும் இடமில்லை. இதை வீட்டில் எல்லோர் முன்னும் வாசித்துக் காட்டுங்கள்.

இப்போது உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரிக்கு வருகிறேன். நாலு சதவீதமா, பாதிக்குப் பாதியா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு மருத்துவர்களும் புத்தகத்தில் உள்ளதைத்தான் சொன்னார்கள். ஆனால் இரண்டும் வேறு வேறு குடும்பங்களுக்கான எண்கள். உங்கள் குடும்பம் எந்த வகை என்பதற்கான தடயம், 'சம்பந்தப்பட்டதா தெரியவில்லை' என்று நீங்கள் கடைசியில் சொல்லியிருக்கும் மாமியாரின் கீழுதட்டில் இருக்கிறது.

நாலு சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். உலகில் ஏறக்குறைய 700 குழந்தைகளுக்கு ஒருவர் உதடு அல்லது அண்ணப் பிளவோடு பிறக்கிறார். உதட்டுப் பிளவு உள்ளவர்களில், அண்ணமும் சேர்ந்து பிளந்தவர்களையும் கணக்கில் கொண்டால், பத்துக்கு ஏழு பேருக்கு வேறு எந்தக் குறையும் இருக்காது. அவர்களுக்கு ஒற்றை மரபணுக் கோளாறு என்று எதையும் கைகாட்ட முடியாது. சிறு சிறு தாக்கமுள்ள பல மரபணு மாற்றங்களும், கருப்பைக்குள் கிடைத்த சூழலும் ஒன்றுகூடி ஓர் எல்லையைத் தாண்டும்போது பிளவு வருகிறது. ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்குப் பிளவு இருந்தால், மற்றவருக்கும் இருப்பது ஏறத்தாழ பாதி ஜோடிகளில்தான். மரபணுக்கள் அச்சு அசலாக ஒன்றாக இருந்தும் மற்ற பாதியில் ஒரு குழந்தை தப்பிவிடுகிறது. இந்த வகைக் குடும்பங்களில் பெற்றோருக்குப் பிளவு இல்லாமல் ஒரு குழந்தைக்கு உதட்டுப் பிளவு இருந்தால், அடுத்த குழந்தைக்கு வர வாய்ப்பு 3 முதல் 5 சதவீதம். முதல் குழந்தைக்கு இரண்டு பக்கமும் உதடும் அண்ணமும் பிளந்திருந்தால் சற்றுக் கூடும். ஒரு பக்க உதடு மட்டும் என்றால் குறையும். இரண்டு குழந்தைகளுக்கு வந்துவிட்டால் 9, 10 சதவீதத்தைத் தொடும். உங்கள் முதல் மருத்துவர் இந்தக் கணக்கைத்தான் சொல்லியிருக்கிறார். பெற்றோரின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். பாட்டியின் உதட்டை யாரும் பார்க்கவில்லை.

கீழுதட்டின் சிவந்த பகுதியில், நடுக்கோட்டுக்கு இரு புறமும் பக்கத்துக்கு ஒன்றாகப் பிறவிக் குழிகள். அவற்றிலிருந்து உமிழ்நீர் போலக் கசிவு. அதே குடும்பத்தில் பிளவு. இந்தச் சேர்க்கைக்கு வான் டெர் வூட் நோய்க்குறித் தொகுப்பு (சிண்ட்ரோம்) என்று பெயர். பிளவோடு சேர்ந்து வரும் மரபுவழிக் கோளாறுகளில் அடிக்கடி காணப்படுவது இதுதான். பிளவோடு பிறக்கும் நூறு பேரில் ஏறத்தாழ இரண்டு பேருக்கு இது இருக்கிறது. முதலாம் குரோமோசோமில் உள்ள ஐஆர்எஃப்6 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றமே பெரும்பாலும் காரணம், 2002-இல் கண்டுபிடித்தார்கள். கருவின் வாய்க்குள் இருக்கும் மேல்தோல் செல்கள் ஒழுங்காக முதிர்வதற்கு இந்த மரபணு வேண்டும். ஒட்டக் கூடாத இடத்தில் ஒட்டாமலும், ஒட்ட வேண்டிய இடத்தில் சரியாக இணையவும் அந்தத் தோல் அடுக்குதான் காவல். அது பழுதானால் அண்ணத்தின் இரு தட்டுகளும் நடுவில் வந்து சேர முடிவதில்லை.

இன்னொரு தடயமும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. அண்ணத்தோடு சேர்ந்தோ சேராமலோ உதட்டுப் பிளவு ஓடும் குடும்பங்களும், அண்ணம் மட்டும் பிளக்கும் குடும்பங்களும் பொதுவாகத் தனித்தனி. டென்மார்க்கில் ஃபோக்-ஆண்டர்சன் என்ற மருத்துவர் 1942-லேயே குடும்பங்களை ஆராய்ந்து இதைக் காட்டினார். ஒரே குடும்பத்தில் இரண்டும் கலந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வான் டெர் வூட்டைத்தான். உங்கள் பையனுக்கு உதடும் அண்ணமும் பிளந்திருந்தன. நாத்தனாரின் மூக்குப் பேச்சு, வெளியே தெரியாத அண்ணப் பிளவாக இருக்கலாம். அப்படியானால் கலப்பு உறுதியாகிறது.

'என் கணவருக்குத்தான் எதுவும் இல்லையே' என்று நினைப்பீர்கள். இந்த மாற்றத்தைச் சுமப்பவர்களில் சிலருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. சிலருக்குக் குழி மட்டும், சிலருக்குப் பிளவு மட்டும், சிலருக்கு இரண்டும். பாட்டிக்கும் பேரனுக்கும் அடையாளம் இருந்தால், நடுவில் இருக்கும் உங்கள் கணவர் அதைக் கடத்தியவராகத்தான் இருக்க வேண்டும். அவரிடம் அடையாளமே இல்லை என்று சொல்வதற்கு முன் ஒரு முறை நன்றாகப் பாருங்கள்.

பகல் வெளிச்சத்தில் அவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, கீழுதட்டை ஒரு சுத்தமான துணியால் துடைத்து உலர்த்துங்கள். இரண்டு கட்டைவிரலாலும் உதட்டை மெல்லக் கீழே இழுத்து விரித்துப் பிடியுங்கள். நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஊசி முனை அளவு துளை இருக்கிறதா? துளை இல்லாவிட்டாலும் இரு புறமும் சிறு மேடு போலத் தடிப்பு இருக்கிறதா? அரை நிமிடம் காத்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒரு துளி ஈரம் ஊறுகிறதா? ஒரு பக்கம் மட்டும் இருந்தாலும் கணக்கில் சேரும். வாயின் இரு கோணங்களில், மேலுதடும் கீழுதடும் சேரும் மூலையில் உள்ள குழி வேறு. அது நல்ல ஆரோக்கியமாக இருக்கும் பலருக்கும் உண்டு, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பல் குத்தி ஆறிய தழும்பும் வேறு. சிறு வயதில் குழியை அழகுக்காக வெட்டி எடுத்துத் தைத்திருப்பதும் உண்டு. மாமியாரிடம் கேட்டால் தெரியும். பின்கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் இருக்கும் சிறு கடைவாய்ப் பல் முளைக்கவே இல்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், இந்தத் தொகுப்பில் அது அடிக்கடி காணாமல் போகும் பல். பையனின் கீழுதட்டையும் இதே போலப் பாருங்கள். மேலுதட்டில் அறுவை நடந்த குழந்தையிடம் எல்லோர் கண்ணும் மேலேயே போய்விடும். கீழுதட்டுக் குழி தவறிப்போவது இப்படித்தான்.

நாத்தனாரை டார்ச் வெளிச்சத்தில் வாயைத் திறந்து 'ஆ' சொல்லச் சொல்லுங்கள். உள்நாக்கு பாம்பின் நாக்கைப் போல இரண்டாகப் பிரிந்திருக்கிறதா, அண்ணத்தின் மென்மையான பின்பகுதியில் நடுவே நீலம் பாய்ந்த மெல்லிய கோடு தெரிகிறதா என்று பாருங்கள். மேலே தோல் மூடியிருக்க, அடியில் தசை மட்டும் இணையாமல் விட்ட பிளவு இது. மூன்றாவது அடையாளம், கெட்டியான அண்ணத்தின் பின்விளிம்பு நடுவில் பள்ளமாக இருப்பது. அதை மருத்துவர் விரலால் தடவித்தான் அறிய வேண்டும். உள்நாக்கு பிரிந்திருப்பது மட்டும் என்றால், நூறு பேரில் ஒருவர் இருவருக்குச் சாதாரணமாகவே இருக்கும். அவருக்கு இதுவரை யாரும் பெயர் சொல்லாத ஒரு குறை இருக்குமானால், பெரியவர்களுக்கும் அதற்கு அறுவை சிகிச்சையும் பேச்சுப் பயிற்சியும் உண்டு என்று தெரிவியுங்கள். முக்கியமான எச்சரிக்கை ஒன்று: மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டை அகற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், அண்ணத்தைச் சோதிக்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது. மறைந்த பிளவு உள்ளவருக்கு அந்தச் சதைதான் காற்று மூக்கில் ஏறாமல் ஓரளவு அடைத்துக்கொண்டிருக்கும்; எடுத்ததும் பேச்சு இன்னும் மூக்கில் ஏறிவிடும்.

மூக்குப் பேச்சுக்கு வேறு மரபுக் காரணமும் உண்டு. 22-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லாமல் போகும் கோளாறில் இதயக் குறை, கால்சியம் குறைவு, படிப்பில் பின்தங்கல், அண்ணக் கோளாறு ஆகியவை சேர்ந்து வரும். ஆனால் அதில் உதட்டுக் குழி வராது. நாத்தனாருக்கு இதயத்திலோ கற்பதிலோ சிரமம் இருந்ததுண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். மரபியல் மருத்துவர் கட்டாயம் கேட்பார்.

குரோமோசோம் பரிசோதனை நார்மல் என்று எழுதியிருக்கிறீர்கள். மிகப் பலரும் ஏமாறும் இடம் இது. அந்தப் பரிசோதனை குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கிறது, பெரிய துண்டு எதுவும் உடைந்ததா இடம் மாறியதா என்று பார்க்கிறது. ஒரு தடித்த புத்தகத்தில் எல்லா அத்தியாயமும் இருக்கின்றனவா என்று எண்ணுவதைப் போன்றது. ஐஆர்எஃப்6-இல் வருவது பெரும்பாலும் ஓர் எழுத்துப் பிழை. எண்ணிக்கையில் அது அகப்படாது. மைக்ரோஅரே என்ற நுண்ணிய பரிசோதனையும் தொலைந்துபோன, இரட்டித்த துண்டுகளையே பார்க்கும், எழுத்துப் பிழையைப் பார்க்காது. உங்களுக்கு வேண்டியது மரபணு வரிசையைப் படிக்கும் பரிசோதனை. ஐஆர்எஃப்6, இதே கோளாறை உண்டாக்கக்கூடிய இன்னொரு மரபணுவான ஜிஆர்எச்எல்3 இரண்டையும் சேர்த்துப் படிக்கும் பிளவு மரபணுப் பரிசோதனை போதும். அந்தப் பரிசோதனையில் இந்த இரண்டும் இருக்கின்றனவா, துண்டு விடுபட்டிருந்தால் கண்டுபிடிக்குமா என்று ரத்தம் கொடுக்கும் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.

யாருக்கு முதலில் எடுப்பது என்பதில்தான் பல குடும்பங்கள் பணத்தை வீணடிக்கின்றன. உங்களுக்கு எடுக்க வேண்டாம். கணவருக்கும் முதலில் எடுக்க வேண்டாம். அடையாளம் தெளிவாக உள்ளவருக்கு, அதாவது பையனுக்கு, முடிந்தால் மாமியாருக்கும் முதலில் எடுக்க வேண்டும். அங்கே மாற்றம் அகப்பட்டால், அந்த ஓர் எழுத்தை மட்டும் கணவரிடமும் நாத்தனாரிடமும் தேடுவது எளிது, மலிவும்கூட. நேரே கணவருக்கு எடுத்து ஒன்றும் இல்லை என்று வந்தால், அவரிடம் இல்லையா, அல்லது குடும்பத்தில் உள்ள மாற்றத்தை இந்தப் பரிசோதனையால் பிடிக்கவே முடியவில்லையா என்று தெரியாது.

அறிக்கை மூன்று விதமாக வரலாம். நோய்க்குக் காரணமான மாற்றம் இருக்கிறது என்று வந்தால் வழி தெளிவு. 'முக்கியத்துவம் தெரியாத மாற்றம்' என்று வந்தால், அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்; குடும்பத்தில் அடையாளம் உள்ளவர்களிடம் அது இருக்கிறதா, இல்லாதவர்களிடம் இல்லையா என்று ஒப்பிட்டுத்தான் எடை போட முடியும். ஒன்றும் இல்லை என்று வந்தால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். வான் டெர் வூட் குடும்பங்களில் பத்துக்கு ஏழில்தான் ஐஆர்எஃப்6 மாற்றம் அகப்படுகிறது. ஜிஆர்எச்எல்3 இன்னும் சிலவற்றை விளக்கும். மாமியாருக்கு இருப்பது உண்மையான குழிகள்தான் என்று மருத்துவர் கண்ணால் கண்டு உறுதி செய்தால், ரத்தப் பரிசோதனை என்ன சொன்னாலும் அந்தக் கணிப்பு நிற்கும். கண் சொல்வதை அறிக்கை அழிக்காது. குழி என்பது வாய்க்கோணக் குழியோ தழும்போ என்றும், நாத்தனாரின் அண்ணம் முழுமையானது என்றும் தெரிந்தால் மட்டுமே 3 முதல் 5 சதவீதக் கணக்குக்குத் திரும்பலாம்.

வான் டெர் வூட் உறுதியானால் எண் என்ன? கணவரிடம் அந்த மாற்றம் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு அது போகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆணா பெண்ணா என்ற பேதம் இல்லை, முதல் குழந்தைக்குப் போனதால் அடுத்தது தப்பும் என்ற கணக்கும் இல்லை. ஆனால் இரண்டாவது மருத்துவர் சொன்னதில் ஒரு திருத்தம் வேண்டும். பாதிக்குப் பாதி என்பது மாற்றம் கடத்தப்படும் வாய்ப்பு. பிளவு வரும் வாய்ப்பு அதைவிடக் குறைவு, ஏனெனில் வாங்கியவர்களில் பலருக்கு உதட்டுக் குழியோடு நின்றுவிடும். உங்கள் மாமியாரே சாட்சி. எவ்வளவு தீவிரமாக வரும் என்பதை எந்தப் பரிசோதனையும் முன்கூட்டிச் சொல்லாது. பொதுவாக இந்தத் தொகுப்பு அறிவு வளர்ச்சியைப் பாதிப்பதில்லை. இதையும் வீட்டில் சொல்லுங்கள்.

கருவில் பார்த்தாக வேண்டும் என்று நீங்கள் இருவரும் விரும்பினால், குடும்பத்தின் மாற்றம் இன்னதென்று கர்ப்பத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவிலோ, 15 வாரத்துக்குப் பின் பனிக்குட நீரிலோ அதைத் தேடலாம். செயற்கைக் கருத்தரிப்பு முறையில் கருவைச் சோதித்து வைப்பதும் உண்டு. கர்ப்பம் உறுதியான பிறகு தேடத் தொடங்கினால் அறிக்கை வருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். இதில் எது சரி என்று நான் சொல்ல மாட்டேன். அறுவையால் சரிசெய்யக்கூடிய குறை இது என்பதால் ஸ்கேன் மட்டும் போதும் என்று முடிவு செய்யும் தம்பதிகள் நிறைய. அதுவும் நல்ல முடிவே. தாயின் ரத்தத்தில் எடுக்கும் வழக்கமான குரோமோசோம் சோதனை இதைக் காட்டாது, அதை நம்பி இருக்காதீர்கள்.

ஃபோலிக் அமிலம் பற்றி. தினம் 400 மைக்ரோகிராம், கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்து, பன்னிரண்டாம் வாரம் வரை. இதை எல்லோரும் சாப்பிட வேண்டும், நீங்களும். முதுகுத்தண்டுக் குறையைத் தடுப்பதில் அதன் பலன் உறுதியானது. பிளவைத் தடுப்பதில் அவ்வளவு உறுதியில்லை. பிரேசிலில் பிளவு ஆபத்துள்ள பெண்களுக்கு 4 மில்லிகிராமும் 0.4 மில்லிகிராமும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பத்து மடங்கு அதிகம் சாப்பிட்டதால் பிளவு திரும்ப வருவது குறையவில்லை. ஐஆர்எஃப்6 மாற்றம் கடத்தப்படுவதை எந்த மாத்திரையாலும் தடுக்க முடியாது. நீரிழிவு, வலிப்பு மருந்து, முந்தைய குழந்தைக்கு முதுகுத்தண்டுக் குறை போன்ற காரணம் இருந்தால் அதிக அளவை மருத்துவர் தருவார், நீங்களாகக் கூட்டிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கையில் இருப்பவை வேறு சில. வீட்டில் யாரும் புகைக்கக் கூடாது, முக்கியமாக நீங்கள். புகை பிளவு ஆபத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்டுகிறது. மது வேண்டாம். சர்க்கரை இருக்கிறதா என்று கர்ப்பத்துக்கு முன்பே பார்த்து, இருந்தால் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு கருத்தரியுங்கள். முகப்பருவுக்கு ஐசோட்ரெடினோயின் மாத்திரை எடுத்தால் நிறுத்தி ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். வால்ப்ரோயேட், டோபிராமேட், ஃபெனிடாயின் போன்ற வலிப்பு மருந்துகள் ஆபத்தைக் கூட்டும்; ஆனால் திடீரென நிறுத்தி வலிப்பு வந்தால் அது தாய்க்கும் சேய்க்கும் அதைவிடப் பெரிய ஆபத்து. மருந்தை மாற்றுவது மருத்துவர் கையில், கர்ப்பத்துக்குச் சில மாதம் முன்பே. சொந்தத்தில் மணந்தவர்களுக்கு, இரு பக்கமும் ஒரே மாற்றம் சேர்ந்தால்தான் வெளிப்படும் வேறு சில தொகுப்புகளின் கவலை உண்டு. வான் டெர் வூட்டுக்கு ஒரு பக்கம் போதும், எனவே நீங்கள் சொந்தம் இல்லை என்பது இதில் எதையும் மாற்றாது.

மாமியாரிடம் பேசும்போது ஒன்றை மறக்காதீர்கள். தெரியாமல் சுமந்த ஓர் எழுத்துப் பிழைக்கு அவர் பொறுப்பில்லை. அவருக்கும் அது பெற்றோரிடமிருந்து வந்திருக்கலாம், அவரிடமே புதிதாகவும் தோன்றியிருக்கலாம். பழி உங்களிடமிருந்து இறங்கி அவர் தலையில் ஏறிவிடக் கூடாது. அவருடைய ஒத்துழைப்பு இல்லாமல் இந்தக் குடும்பத்துக்கு விடை கிடைக்காது. நாத்தனாருக்குக் குழந்தைகள் இருந்தால், அல்லது இனி பிறக்கவிருந்தால், இந்த விடை அவருக்கும் வேண்டும்.

மரபியல் மருத்துவரிடம் போகும்போது பையனின் அறுவைக் குறிப்புகள், பிறந்த அன்று எடுத்த படம், மாமியார், கணவர், நாத்தனார் மூவரின் கீழுதட்டை நெருக்கமாக எடுத்த படங்கள், மூன்று தலைமுறைக்கான குடும்ப மரம் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். கருச்சிதைவுகளையும், பிறந்து சில நாளில் இறந்த குழந்தைகளையும் மரத்தில் விட்டுவிடாதீர்கள். மாமியாரே நேரில் வர முடிந்தால் எல்லாவற்றையும்விட நல்லது. பையனுக்குக் காது கேட்கும் திறனை இப்போதே சோதித்துவிடுங்கள். அண்ணம் பிளந்த குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்குவது சகஜம். பேச்சு தாமதமானால் அண்ணத்தை மட்டும் குறை சொல்லிக் காதை விட்டுவிடுவார்கள்.

அடுத்த கர்ப்பத்தில் 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில், குடும்பத்தில் பிளவு உண்டு என்று முன்பே சொல்லி, மூக்கையும் உதட்டையும் நேர்முகமாகக் காட்டும் படத்தைக் கேட்டுப் பெறுங்கள். உதட்டுப் பிளவு பெரும்பாலும் தெரிந்துவிடும். அண்ணம் மட்டும் பிளந்திருந்தால் பெரும்பாலும் தெரியாது. நாத்தனார் வகைப் பிளவு ஸ்கேனை ஏமாற்றிவிடும். அதனால் ஸ்கேன் நன்றாக இருந்தாலும், குழந்தை பிறந்த அன்றே டார்ச் அடித்து அண்ணத்தின் கடைசி வரை, உள்நாக்கு வரை பார்க்கச் சொல்லுங்கள். விரலாலும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கீழுதட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அண்ணம் பிளந்த குழந்தையால் வாய்க்குள் உறிஞ்சு விசையை உண்டாக்க முடியாது. மார்பில் அரை மணி நேரம் வாய் வைத்திருந்தும் பால் இறங்கியிருக்காது, எடை குறையும். பையனுக்குப் பயன்பட்ட, அழுத்தினால் பால் வரும் மென்மையான புட்டியைக் கழுவிப் பத்திரமாக எடுத்து வையுங்கள். தேவைப்பட்டால் முதல் நாளே கையில் இருக்கும்.